அல்லாதார் பந்தி

1909 அக்டோபர் 24. லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் சேர்ந்து ஒரு தசரா விருந்து வைத்தார்கள். தலைமை வகிக்கக் கூப்பிட்டது, தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காகத் தூது வந்திருந்த வக்கீல் காந்தியை. அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய அரசியல் பேசக் கூடாது. மாணவர்களே அடுப்படியில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்காரர், மேல்படிப்புக்கு வந்திருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அன்றைக்கு நடந்ததை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒல்லியான, சிரித்த முகமுள்ள ஒரு ஆள் வந்தார், பாத்திரங்களைக் கழுவினார், காய்கறியைச் சுத்தம் செய்தார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். வ.வே.சு. ஐயர் வந்து பார்த்த பிறகுதான், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்தான் அன்றைய தலைவர் என்று தெரிந்தது.

இந்தக் கதையைக் காந்தியின் எளிமைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிட அந்த அடுப்படிதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. பதினாறு வருஷம்கூட ஆகவில்லை, அந்த அடுப்படியில் இருந்த இதே மூன்று பேரும், ராஜனும் ஐயரும் காந்தியும், இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிற கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். அதில் முக்கியமான ஓட்டெடுப்பு நடந்தது எங்கள் ஊரில், திருச்சியில்.

வ.வே.சு. ஐயர் என்ற பெயரில் இருக்கும் 'வ' வரகனேரி. காந்தி மார்க்கெட் பக்கம். ஐயர் படித்தது செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில். ஸ்ரீரங்கத்திலிருந்து வரகனேரிக்கு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ராஜனும் ஐயரும் ரங்கூனில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு லண்டன் போனவர்கள். ஒருவர் மருத்துவம், ஒருவர் பாரிஸ்டர் படிப்பு. அங்கே இருவரும் போய்ச் சேர்ந்த இடம் இந்தியா ஹவுஸ்.

இந்தியா ஹவுஸைப் புரட்சியாளர்களின் கோட்டையாகத்தான் பாடப்புத்தகம் நமக்குக் காட்டுகிறது. அது அடிப்படையில் ஒரு ஸ்டூடன்ட் ஹாஸ்டல். ஹைகேட்டில் குரோம்வெல் அவென்யூ 65ஆம் எண் வீடு. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஆரம்பித்தது. அவர் கொடுத்த உதவித்தொகைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: படித்து முடித்துவிட்டு ஆங்கில அரசாங்கத்தில் உத்தியோகம் பார்க்கக் கூடாது. 1907க்குப் பிறகு சாவர்க்கர் கைக்கு வந்ததும் உள்வட்டம், உறுதிமொழி, ரகசியக் கூட்டம் எல்லாம் சேர்ந்தது. ஐயர் துப்பாக்கி சுடப் பழகினார். ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஒரே சத்தியம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃப்ரடர்னிட்டி என்று சொல்கிறார்களே, அந்த மாணவர் சகோதரத்துவச் சங்கத்துக்குத் தேவையான எல்லாமே இங்கே இருந்தது. கிரேக்க எழுத்துப் பெயர் மட்டும்தான் பாக்கி.

1909 ஜூலை 1 அன்று அந்த வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். நான்கு நாள் கழித்து லண்டன் இந்தியர்கள் கேக்ஸ்டன் ஹாலில் கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். இந்தியா ஹவுஸில் இல்லாத மற்ற மாணவர்களின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கி ஐ.சி.எஸ். பரீட்சைக்கு வந்தவன், பாரிஸ்டர் பட்டத்தோடு ஊர் திரும்பினால் போதும் என்று இருந்தவன். உள்ளே இருந்தவர்களின் கண்ணுக்கு அவர்கள் வெள்ளைக்காரனின் எடுபிடி. போலீஸ் கண்ணுக்கோ இந்திய மாணவன் என்றாலே வெடிகுண்டு. அந்த வருஷமே இந்தியா ஆபீஸ், இந்திய மாணவர்களுக்கென்று ஒரு தகவல் பிரிவைத் தொடங்கியது. வழிகாட்டுவதற்கு என்று பெயர். கண்காணிப்பு என்று மாணவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒரு வீட்டுக்குள் இருபது முப்பது பேர் சகோதரர்கள் ஆனதில், வெளியே இருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அமெரிக்கக் கதை இதற்கும் பழசு. 1776 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஃபை பீட்டா காப்பா, விவாதம் செய்வதற்கான ஒரு ரகசியச் சங்கம். கை குலுக்குவதற்குக்கூட ரகசிய முறை உண்டு. 1825இல் யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா வந்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டும் என்று பல சங்கங்கள் விதியாகவே எழுதி வைத்திருந்தன. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். பந்தியில் இடம் கொடுக்காதபோது சொந்தமாகப் பந்தி போட்டுக்கொள்வது.

பந்தி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சங்கங்களுக்குத் தடை இருந்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டு கிளப் வைத்தார்கள். 1879இல் ஐவி கிளப் வந்தது, பின்னாலேயே வரிசையாக மற்றவை. எந்த கிளப்பில் சாப்பிடுகிறாய் என்பதுதான் நீ யார் என்பது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன், ப்ரின்ஸ்டனுக்குத் தலைவராக இருந்தபோது, 1907இல் இந்த கிளப்புகளை ஒழித்து எல்லா மாணவர்களும் ஒன்றாகத் தங்கிச் சாப்பிட ஒரு திட்டம் கொண்டுவந்தார். பழைய மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். திட்டம் ஊத்தி மூடப்பட்டது. உலகப் போரை நடத்திய மனுஷனால் கல்லூரிச் சாப்பாட்டு மேஜையை மாற்ற முடியவில்லை.

இனி சேரன்மாதேவிக்கு வருவோம்.

ஐயர் 1910இல் மாறுவேஷத்தில் தப்பி பாண்டிச்சேரி வந்தார், பத்து வருஷம் அங்கே இருந்தார். பொதுமன்னிப்புக்குப் பிறகு வெளியே வந்து 'தேசபக்தன்' ஆசிரியரானார், மறுபடி ஜெயிலுக்குப் போனார், அங்கே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். விடுதலையாகி வந்து 1922இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து சேரன்மாதேவிக்கு மாறியது. படிப்பு, உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி. இந்தியா ஹவுஸின் ஞாபகம் அவருக்கு உள்ளுக்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம்: ஒரே கூரை, ஒரே லட்சியம், இந்த முறை துப்பாக்கி இல்லாமல். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு பாதியைக் கொடுத்தது. பிராமணரல்லாத பிரமுகர்களும் வெளிநாட்டுத் தமிழர்களும் அள்ளிக் கொடுத்தார்கள்.

குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்கள் தனியாகச் சாப்பிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான், அவன் வீட்டில் போய்ச் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது என்பது பெரியார் தரப்பு சொல்லிவந்த வரலாறு. ஐயர் மறுக்கவில்லை. மற்ற எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள், நானும் அவர்களோடுதான் உட்காருகிறேன், அந்த இரண்டு பேரைச் சேர்க்கும்போது அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். வரதராஜுலு நாயுடு தன் பத்திரிகையில் தாக்கினார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். ஐயரோ இணைச் செயலாளர் கே. சந்தானத்திடம் செக் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அது சாப்பாட்டுப் பிரச்சினையாக மட்டும் இருக்குமா?

ஐயரை ஜாதி வெறியர் என்று சொல்வது எனக்கு எளிதாக வரவில்லை. அவர் எல்லாரோடும் சாப்பிட்டவர். ஆனால் அவரைக் காப்பாற்றச் சொல்லப்படும் வாதம், 'ரெண்டே ரெண்டு பசங்கதானே', அதையும் என்னால் ஏற்க முடிவதில்லை. எண்ணிக்கையில் இல்லை விஷயம். ஒரு ஹாலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது அவர்களுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. அவர்கள் பையன்கள், அவ்வளவுதான். இரண்டு பேர் எழுந்து பக்கத்து அறைக்குப் போன அந்த நிமிஷத்தில் மீதிப் பேர் 'மீதிப் பேர்' ஆகிவிடுகிறார்கள். தனியாகப் போனவன் மேல் ஒட்டுகிற முத்திரை ஒன்று. போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் தானாக விழுகிற முத்திரை இன்னொன்று. 1916 டிசம்பரில் வந்த அறிக்கைக்குப் பெயரே பிராமணரல்லாதார் அறிக்கை. தாங்கள் யார் இல்லை என்பதை வைத்து ஒரு பெரும்பான்மை தன்னை அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் சங்கத்தில் இல்லாத மாணவனுக்கு 'நான்-கிரீக்' என்று பெயர். அவன் கிரேக்கன் இல்லையாம். சங்கத்தில் இருப்பவன் மட்டும் ஏதென்ஸில் பிறந்தவனா என்ன?

இந்த 'அல்லாதார்' அனுபவம் எனக்கும் கொஞ்சம் உண்டு. குருகுலத்தோடு ஒப்பிட்டால் கொசுக்கடி. நான் திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நாலு வருஷமும் டே ஸ்காலர். ஹாஸ்டலில் இல்லாதவன் என்று அதற்கு அர்த்தம். ஸ்ரீரங்கத்திலிருந்து போகிறவன் என்றால் கூடவே 'தயிர்சாதம்' என்ற பட்டமும் உண்டு, டிஃபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமலேயே. அந்தப் பக்கம் மட்டும் குறைவா? எங்கள் தெருவில் ஹாஸ்டல் பையன் என்றால் சிகரெட், செகண்ட் ஷோ, அரியர். "அவனுங்களோட சேராதே" என்பது தினமும் காலையில் காபியோடு கிடைக்கிற அறிவுரை. இந்தக் கிண்டல் எல்லாம் பரவாயில்லை. இதற்கு அடியில் ஒரு நிஜமான வித்தியாசம் இருந்தது. போன வருஷம் இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள், எந்த கம்பெனி எந்தத் தேதியில் வருகிறது, எந்த சீனியரிடம் எந்த நோட்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெஸ்ஸில்தான் கை மாறும். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவனுக்கு அது மறுநாள் காலையில் வந்து சேரும், பல நேரம் வரவே வராது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. சேர்ந்து சாப்பிடுகிற இடத்தில் இல்லாதவனுக்குச் சேதி கிடைப்பதில்லை. ப்ரின்ஸ்டன் கிளப்புக்காரர்கள் வில்சனிடம் எதைக் காப்பாற்றச் சண்டை போட்டார்கள் என்று யோசித்தால், மெனுவை என்று எனக்குத் தோன்றவில்லை.

காந்தி 1925 மார்ச்சில் சென்னைக்கு வந்தபோது குருகுல விவகாரம் அவரிடம் போனது. அவர் சொன்ன வழி: ஐயர் கொடுத்த வாக்கை மீறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், இருக்கிற இரண்டு பேர் இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் இப்படி நிபந்தனை போட்டு யாரையும் சேர்க்க வேண்டாம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான தீர்வு. பழைய பயனர்களுக்குப் பழைய வசதியை அப்படியே விட்டுவை, புதியவர்களுக்குக் கதவை மூடு, நாளடைவில் தானாக ஒழிந்துவிடும். சாஃப்ட்வேரில் பல நேரம் இது வேலை செய்யும். அங்கே பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட யாரும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சியில் கூடியது. பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டுவதை, தேசிய இயக்கத்தோடு சம்பந்தப்பட்ட எந்த ஸ்தாபனமும் கடைப்பிடிக்கக் கூடாது என்ற கருத்தில் எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். இன்றைக்குப் படித்தால் இதை எதிர்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அது ஐயர் மேல் வைத்த குறி என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தீர்மானம் நிறைவேறியது. கமிட்டியிலிருந்து ராஜாஜி விலகினார். சந்தானம் விலகினார். டி.எஸ்.எஸ். ராஜனும் விலகினார்.

ராஜன் விலகியதுதான் எனக்கு இந்த வரலாற்றில் ஜீரணிக்கக் கஷ்டமான இடம். தனிப்பந்தியில் ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் வேறு எந்த பிராமணரையும்விட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கடல் தாண்டிப் படித்துவிட்டு 1914இல் ஊர் திரும்பியவரை ஸ்ரீரங்கத்து வைதீகர்கள் தள்ளி வைத்தார்கள். அக்ரஹாரத்தில் தள்ளி வைப்பது என்றால் கல்யாணம், காரியம் எதற்கும் ஆள் வராது, இலையில் இடம் கிடையாது. வைத்தியத்துக்கு மட்டும் அவர் வேண்டும். அப்படிப்பட்டவர், நண்பருக்காக நின்றார். லண்டன் அடுப்படியில் கூட நின்ற நண்பர், ரங்கூனிலிருந்து கூட வந்த நண்பர். விசுவாசம் நல்ல குணம்தான். சகோதரத்துவச் சங்கங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் அதுதான்: உள்ளே இருப்பவன் பக்கம் நில். ராஜன் பின்னாளில் தீண்டாமை ஒழிப்பில் வேலை செய்தார், 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது, 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தார். அதையெல்லாம் வைத்துக்கொண்டும் 1925 ஏப்ரலை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

திருச்சிக் கூட்டம் முடிந்த சில நாளில், மே 2 அன்று, ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடிஅரசு' முதல் இதழ் வந்தது. அந்த வருஷ நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஒரு நூற்றாண்டு அரசியல் அந்த ஹாலிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் மிகை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் முக்கியமாக. ஆனால் சாதாரண ஜனத்துக்குப் புரிகிற மாதிரி அதை விளக்க ஒரு கதை வேண்டியிருந்தது, குருகுலம் அந்தக் கதையைக் கொடுத்தது. எல்லாருக்கும் சாப்பாடு தெரியும்.

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் 3ஆம் தேதி மாணவர்களையும் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் அருவிக்குப் போனார். ஓடையைத் தாண்டும்போது மகள் சுபத்ரா வழுக்கி விழுந்தாள். காப்பாற்றக் குதித்தவர் அவளோடு போய்விட்டார். வயது நாற்பத்து நான்கு. மாணவர்கள் கரையில் நின்றார்கள்.

இந்த விவகாரத்தில் பேசிய எல்லாருமே பெரியவர்கள். பெற்றோர், ஆசிரியர், பத்திரிகையாசிரியர், மகாத்மா. இரண்டு பையன்களுக்கும் அப்பாக்கள் வாக்கு வாங்கிக்கொடுத்தார்கள். பசங்களைக் கூப்பிட்டு, நீங்க யாரோட உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படறீங்க என்று கேட்பது ஒரு வழியாகவே யாருக்கும் தோன்றவில்லை. தனி அறையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பெருமையாகவா இருக்கும்?

நூறு வருஷம் ஆகிறது. 2018 டிசம்பரில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மெஸ் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். 2023இல் ஐ.ஐ.டி. பம்பாயில் ஆறு மேஜைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். அதில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்டுப் போராடிய மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். காங்கிரஸ் குருகுலத்துக்குத் தருவதாகச் சொன்ன அதே தொகை, நூறு வருஷப் பணவீக்கத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். சைவச் சாப்பாடு கேட்பது ஒரு விஷயம். அந்த மேஜையில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில் நம்மவர்களுக்கு அலாதித் திறமை.

இரண்டும் வேறு வேறாக இருந்த ஒரு இடம் திருச்சியிலேயே இருந்தது, ஐயர் படித்த அதே கல்லூரியில். 1950இல் ராமேஸ்வரத்திலிருந்து செயின்ட் ஜோசப்ஸில் வந்து சேர்ந்த அப்துல் கலாம், நாலு வருஷமும் ஹாஸ்டலில் ஒரே அறையில் இரண்டு பேரோடு இருந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பையன். இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். கலாமுக்குத் தனிப்பந்தி புதிதில்லை. ராமேஸ்வரத்தில் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் சாப்பிடக் கூப்பிட்டபோது, ஐயரின் மனைவி முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற மறுத்தார். ஐயர் தானே பரிமாறினார், பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், அடுத்த வாரமும் வரச் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மாளே சமையலறைக்குள் கூட்டிப்போய்த் தன் கையால் பரிமாறினார். தீர்மானம் எதுவும் போடாமல் ஒரே வாரத்தில் முடிந்த விஷயம். எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. திருச்சித் தீர்மானம் தேவையாகத்தான் இருந்தது.

செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்டலில் மூன்றாம் வருஷம் கலாம் மெஸ் செக்ரட்டரி ஆனார். எந்த மெஸ்ஸுக்கு? சைவ மெஸ்ஸுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்லூரி ரெக்டர் ஃபாதர் கலத்திலை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவரவர் ஊர்ப் பக்கத்துப் பலகாரம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லாவற்றையும் மெனுவில் சேர்த்தார்கள். எதிர்பார்த்த மாதிரி வரவில்லை என்று கலாமே ஒப்புக்கொள்கிறார். ஃபாதர் ரசித்துச் சாப்பிட்டு, வாய் நிறையப் பாராட்டிவிட்டு, பையன்களோடு வெகு நேரம் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாராம்.